ஞானப்பல்லைப் பிடுங்கணுமா?

வலியே இல்லாத ஞானப்பல்லை எடுத்துவிடலாமா என்று ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி கேட்டான். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், அங்கே போய் நாலையும் ஒரே தடவையில் எடுத்துவிடு என்று ரூம் நண்பர்கள் சொல்கிறார்களாம்.

அவசரம் வேண்டாம் என்றேன். நோய் இல்லாத, புதைந்திருக்கும் ஞானப்பல்லை எடுக்கத் தேவையில்லை என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2000-லேயே சொல்லிவிட்டது. கீழ்த்தாடையில் அந்தப் பல்லின் வேருக்குப் பக்கத்திலேயே உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. அதில் அடிபட்டால் உதடும் தாடையும் மரத்துப்போகலாம், அரிதாக நிரந்தரமாகவே. சும்மா இருக்கும் பல்லுக்காக அந்த ஆபத்து எதற்கு?

ஆனால் ஈறு அடிக்கடி வீங்குகிறது, சீழ் வருகிறது, பக்கத்துப் பல் சொத்தையாகிறது என்றால் தள்ளிப்போடவே கூடாது. நைட் ஷிப்டுக்கு நடுவே மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. வாய் திறக்க முடியாமல் போனாலோ, கழுத்து வீங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொற்று பரவினால் மூச்சையே அடைத்துவிடலாம்.

முதலில் தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்து, நரம்பு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் அல்லவா? பல்லுக்கும் அதில் வைத்தியம் உண்டு. கார்டைத் தேடி எடுத்து வையுங்கள்.