தீட்டும் பரிசுத்தமும்

கடவுளைப் பரிசுத்தர் என்று சொல்லிப் பழகிய வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தச் சொல் என்னை நிமிர்த்தியதா, குறுக்கியதா என்று கேட்கத் தொடங்கியது தமிழ் படித்த பிறகுதான்.

பரிசுத்தம் என்றால் முழுச் சுத்தம். பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல் 'கதோஷ்'. 'வேறானது, தனித்து வைக்கப்பட்டது' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள் அறிஞர்கள் பலர். தமிழில் அது சுத்தமாகிவிட்டது. நம் ஊரிலோ சுத்தம் என்ற சொல்லுக்குள் சாதியும் மாதவிலக்கும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. கடவுள் சுத்தம் என்றால் அசுத்தம் யார்? தாழ்த்தப்பட்டவர்களும் பெண்களும் என்ற பதில் இங்கே எப்போதும் தயாராக இருக்கிறது.

என் ஆச்சி அந்த நாள்களிலும் ஆராதனைக்கு வருவார். திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போகமாட்டார். எந்தப் போதகரும் அவரைத் தடுத்ததில்லை. தடுக்க ஆளே தேவைப்படாத அளவுக்குத் தடை அவருக்குள் இருந்தது. கேட்டால், "அவரு பரிசுத்தர்லா" என்பார்.

வேதாகமத்திலேயே இதற்கு வேர் உண்டு. லேவியராகமம் 12ஆம் அதிகாரம் ஆண்பிள்ளை பெற்றவளுக்கு 40 நாள், பெண்பிள்ளை பெற்றவளுக்கு 80 நாள் விலக்கு வைக்கிறது. இயேசுவைப் பெற்ற மரியாளும் சுத்திகரிப்பு நாள்கள் முடிந்து ஆலயத்துக்குப் போனதாக லூக்கா எழுதுகிறார்.

ஆனால், அதே வேதாகமத்தில் மாற்கு 5ஆம் அதிகாரமும் இருக்கிறது. 12 ஆண்டுகளாகப் பெரும்பாட்டால் துன்பப்பட்டவள் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் உடையைத் தொடுகிறாள். லேவியராகமச் சட்டப்படி அவள் தீட்டு அவருக்குப் போயிருக்க வேண்டும். நடந்தது வேறு, அவருடைய வல்லமை அவளுக்கு வந்தது. அனுமதி கேட்காமல் தொட்டவளை அவர் கடிந்துகொள்ளவில்லை, 'மகளே' என்றார். நற்செய்தி நூல்களில் தனியொரு பெண்ணை அவர் அப்படி அழைப்பது இவளை மட்டும்தான்.

தொட்டால் அழுக்காகிவிடும் பரிசுத்தம் நாம் கட்டிக்கொண்டது.

பெரியதன் முன் பணிவது வேறு, சொந்த உடலுக்காகக் கூசுவது வேறு. ஏசாயா பரிசுத்தத்தின் முன் நடுங்கியது தன் உதடுகளை நினைத்து. அந்த நடுக்கம் எனக்கும் வேண்டும். வகுப்பில் ஒரு மாணவியிடம் பேசும்போது அது என் நாவைக் காக்கிறது. உதிரத்துக்காக நான் நடுங்குவதில்லை. மாதத்தின் எந்த நாளானாலும் திருவிருந்துக்கு எழுந்து போகிறேன்.