கரியுஸ் என்பது வசைச்சொல் அன்று



கால்பந்தாட்டம் தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதைப் பற்றிய பேச்சு அவ்வளவு எளிதில் முடிவதில்லை. பள்ளிவாசல் வாசல், தேநீர்க் கடை, வாட்ஸ்அப் குழு என இடம் மாறிக்கொண்டே அது நாட்கணக்கில் தொடர்கிறது. யார் சிறப்பாக ஆடினார், யாரால் ஆட்டம் கைநழுவியது, யாரை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று நம் பிள்ளைகள் நீதிபதிகளைப் போலத் தீர்ப்பு வழங்குகின்றனர். மாலை மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்புகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

இதை வீண்பேச்சு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு விருப்பமில்லை. ஓர் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்கி, நிறைகுறைகளை எடுத்துரைப்பதும் அறிவுக்கு ஒரு பயிற்சியே. ஆனால் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு எந்த இடத்தில் ஆளைப் பற்றிய பேச்சாக மாறுகிறது என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். அதை விளக்க எல்லோருக்கும் நினைவிருக்கும் ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

2018ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், உக்ரைனின் தலைநகர் கீவில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி நடைபெற்றது. ரியல் மாட்ரிட்டும் லிவர்பூலும் மோதின. ஆட்டம் தொடங்கியபோது நம் நாட்டில் நள்ளிரவு 12.15 மணி. ரமளானின் முதல் பத்து நிறைவுறும் வேளை அது. தராவீஹ் தொழுதுவிட்டு, ஸஹருக்கு எழ வேண்டியவர்கள் உறங்காமலேயே தொலைக்காட்சி முன் அமர்ந்துவிட்டனர். எங்கள் ஊரில் அன்று ஏறத்தாழ அனைவரும் லிவர்பூல் பக்கம். காரணம், முஹம்மத் ஸலாஹ். கோல் அடித்தால் புல்தரையிலேயே ஸஜ்தாவில் விழும் அந்த எகிப்தியர், அந்தப் பருவத்தில் பிரீமியர் லீகில் மட்டும் 32 கோல்கள் அடித்திருந்தார்.

ஆனால் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் ஸலாஹ் கண்ணீருடன் வெளியேறினார். மாட்ரிட் அணித் தலைவர் செர்ஜியோ ராமோஸ் அவர் கையைப் பற்றியபடி விழுந்ததில் தோள்பட்டையில் காயம். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் கரியுஸ் கையால் உருட்டிவிட முயன்ற பந்தை, அருகில் நின்ற கரீம் பென்ஸிமா காலை நீட்டித் தடுக்க, அது கோலுக்குள் உருண்டது. சாதியோ மானே ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். பின்னர் மாற்று வீரராக வந்த கேரத் பேல் தலைக்கு மேல் காலைத் தூக்கி ஓர் அற்புதமான கோல் அடித்தார். 83ஆம் நிமிடத்தில் அதே பேல் வெகுதொலைவிலிருந்து உதைத்த பந்து கரியுஸின் கைகளில் பட்டு நழுவிக் கோலாயிற்று. ஆட்டம் 3-1 என முடிந்தது. கரியுஸ் தனியே நடந்து சென்று, லிவர்பூல் ரசிகர்கள் அமர்ந்திருந்த பகுதியை நோக்கிக் கையுயர்த்தி, அழுதபடி மன்னிப்புக் கோரினார்.

சுப்ஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோதே விவாதம் தொடங்கிவிட்டது. மூன்று பேர் மீது மூன்று தீர்ப்புகள்.

முதல் தீர்ப்பு ராமோஸ் மீது: அவர் வேண்டுமென்றே ஸலாஹின் தோளை முறித்தார் என்பது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அவரைத் தண்டிக்கக் கோரும் இணைய மனுவில் கையொப்பமிட்டனர். ராமோஸோ அதை மறுத்தார். கை கோத்துக்கொண்டதை எல்லோரும் கண்டோம். அது கடுமையான, முறையற்ற ஆட்டம் என்று ஒருவர் வாதிட்டால் அதில் பிழையில்லை. ஆனால் உள்ளத்தின் நிய்யத்தை எந்தக் கேமராவும் படம் பிடிப்பதில்லை.

இரண்டாம் தீர்ப்பு ஸலாஹ் மீதே: இறுதிப் போட்டிக்காக அவர் நோன்பை விட்டார், அதற்கான தண்டனையே இக்காயம் என்பது. குவைத் நாட்டின் ஒரு பிரசாரகர்கூட இவ்வாறு கூறியதாகச் செய்தி வந்தது. ஆட்ட நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் ஸலாஹ் நோன்பு நோற்கமாட்டார் என்று அணியின் உடலியக்க மருத்துவர் ஒருவர் முன்னரே கூறியிருந்தார். இங்கிலாந்திலிருந்து கீவுக்குச் சென்றவர் ஒரு பயணி. பயணி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம் என்னும் சலுகை அல்பகரா அத்தியாயத்திலேயே உள்ளது. மக்தபில் ஓதும் சிறுபிள்ளையும் அறிந்த சட்டம் இது. அதற்கு மேல் அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையே உள்ளது என்னவென்று நமக்கு யார் கூறியது?

மூன்றாம் தீர்ப்புதான் மிகக் கொடியது. அது கரியுஸ் மீது. எங்கள் பள்ளிவாசல் வாசலிலேயே ஓர் இளைஞர், "காசு வாங்கியிருப்பான்" என்றார். ஆதாரம் ஏதுமில்லை. இங்கிலாந்தில் அவருக்குக் கொலை மிரட்டல்களே வந்தன.

சில நாட்களில் வேறொரு செய்தி வந்தது. மே 31 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கரியுஸ் பரிசோதிக்கப்பட்டார். ஆட்டத்தின்போது அவருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது என்றும், கண்ணால் கண்டு இடத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறன் குன்றியிருந்தது என்றும், அது அவருடைய ஆட்டத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் மருத்துவர்கள் அறிக்கை வெளியிட்டனர். முதல் கோலுக்குச் சற்று முன்னர் ராமோஸின் முழங்கை கரியுஸின் முகத்தில் பட்டதைப் பலரும் அதன் பிறகே மீண்டும் பார்த்தனர். நேரலையில் கோடிக்கணக்கானோர் கண்டும் கவனிக்காத காட்சி அது. அறிக்கை வந்த பின்னரும் ஏளனம் ஓயவில்லை. "சாக்கு" என்று அதையும் சேர்த்துச் சிரித்தனர்.

இந்தக் கதை கீவிலேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அது எங்கள் மதரஸாவுக்குள்ளும் வந்தது.

அவ்வாண்டு நோன்புப் பெருநாளுக்குப் பின் எங்கள் ஊர் மைதானத்தில் சிறுவர்களுக்கான ஒரு போட்டி நடந்தது. என்னிடம் ஓதிய பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் கோல்கீப்பராக நின்றான். மழை ஈரத்தில் சாதாரணமாக வந்த ஒரு பந்து அவன் கையிலிருந்து நழுவிற்று, அணி தோற்றது. அன்று மாலையே அவனுக்குப் பெயர் சூட்டிவிட்டனர்: கரியுஸ். முதலில் அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு மைதானத்திற்கு வருவதை நிறுத்தினான். பிறகு மதரஸாவுக்கு வருவதையும் நிறுத்தினான்.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய உம்மா என்னைக் காண வந்தார். "புள்ள ஓத வரமாட்டேங்குறான் ஹஜ்ரத். ஏதோ பேர் சொல்லிக் கூப்புடுறாங்களாம்" என்றார். சற்றுத் தயங்கிவிட்டு, "கரியுஸ்னா கெட்ட வார்த்தையா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"இல்லைம்மா, அது ஒரு மனுஷனோட பேரு" என்றேன். ஜெர்மனியில் ஒரு தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளையின் பெயர், கடல் கடந்து இந்தத் தாயின் காதில் வசைச்சொல்லாக விழுந்திருந்தது.

மறுநாள் பெரிய பிள்ளைகளுக்கு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களைப் பாடமாக எடுத்தேன். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதும், பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதும், ஆதாரமற்ற எண்ணங்களில் உழல்வதும், புறம் பேசுவதும் அங்கே அடுத்தடுத்துத் தடுக்கப்படுகின்றன. விவரமான ஒரு பிள்ளை எழுந்து, "அஃமஷ்னு ஹதீஸ் அறிவிப்பாளருக்கே பட்டப்பேர் இருக்கே ஹஜ்ரத்?" என்றான். நல்ல கேள்வி. அஃமஷ் என்றால் கண் பார்வை மங்கி நீர் வடிபவர் என்று பொருள். இமாம் நவவீ அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை வகுக்கும்போது இதையும் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்கள். அப்பெயராலன்றி ஒருவரை அடையாளம் காட்ட இயலாதபோது கூறலாம்; தாழ்த்தும் எண்ணத்தோடு கூறுவது ஹராம். "நம்ம பையனை அடையாளம் காட்ட அவன் பேரு பத்தலையா?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியாயிற்று.

மற்றொருவன், "கரியுஸ் முஸ்லிம் இல்லையே" என்றான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பது அல்மாயிதாவின் கட்டளை. எதிரணிக்கும் உரிய நீதி, நமக்கு வருத்தம் தந்த நம் அணியின் வீரருக்கு இல்லாமற் போகுமா?

அப்படியானால் ஆட்டக்காரர்களை விமர்சிக்கவே கூடாதா? கூடும். அதற்கு நம் முன்னோர்களே ஒரு முறையைக் கற்றுத் தந்துள்ளனர். ஹதீஸ் கலையில் ஜர்ஹு வதஃதீல் என்றொரு துறை உண்டு; அறிவிப்பாளர்களை எடைபோடும் துறை. ஆயிரக்கணக்கான மனிதர்களைக் குறித்து, இவர் நம்பகமானவர், இவர் பலவீனமானவர் என்று இமாம்கள் தயக்கமின்றி எழுதி வைத்தனர். மார்க்கத்தைக் காக்க அது தேவைப்பட்டது. ஆனால் அந்த எழுத்துக்கு வரம்புகள் இருந்தன.

ஒருவர் வணக்கசாலியாகவும் நற்குணம் உடையவராகவும் இருப்பார். நினைவாற்றல் மட்டும் குறைவாக இருக்கும். இமாம்கள் இரண்டையும் தனித்தனியே எழுதினர். நினைவாற்றல் குறைந்ததால் அவர் கெட்டவர் என்று எழுதவில்லை. ஒரு குறையைக் கூறினாலே தேவை நிறைவேறும் இடத்தில் இரண்டாவது குறையைக் கூறலாகாது என்றும் அறிஞர்கள் விதித்தனர்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. அதாஉ இப்னுஸ் ஸாயிப் என்னும் அறிவிப்பாளருக்கு வாழ்நாளின் இறுதியில் நினைவு குழம்பிவிட்டது. அதனால் இமாம்கள் அவரை முற்றாகத் தள்ளிவிடவில்லை. குழப்பத்திற்கு முன்னர் அவரிடம் கேட்டவர் யார், பின்னர் கேட்டவர் யார் என்று பிரித்து ஆராய்ந்து, முன்னர் கேட்டதை ஏற்றனர். ஒரு மனிதரின் செயல் மாறினால், அவருக்கு என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது என்று தேடிப் பார்ப்பது நம் கல்வி மரபு. இதைக் கூறியதும் பிள்ளைகளில் ஒருவன் தானாகவே, "49ஆம் நிமிஷத்துக்கு முன்னாடி, பின்னாடி" என்றான். பாடம் புரிந்துவிட்டது என்று அறிந்துகொண்டேன்.

கரியுஸ் மீது தவறே இல்லை என்று நான் அவர்களிடம் கூறவில்லை. இரு கோல்களும் அவர் கையிலிருந்து சென்றவையே. மருத்துவர்களும் "பாதித்திருக்கக்கூடும்" என்ற அளவிலேயே நிறுத்தினர். அந்த "கூடும்" என்ற சொல் எங்கள் பேச்சில் இல்லாமற் போனது என்பதையே சுட்டிக்காட்டினேன். கண்டதைக் கூறுங்கள், ஊகித்ததை ஊகம் என்றே கூறுங்கள், காணாததை இறைவனிடம் விட்டுவிடுங்கள். காலின் குறையைப் பேசும்போது குலத்தையும் நிறத்தையும் தொடாதீர்கள்.

நிறம் என்று காரணத்தோடுதான் கூறுகிறேன். 2021 ஜூலை 11 அன்று லண்டன் வெம்பிளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்து, இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றது. பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சான்சோ, ஸாக்கா மூவரும் கறுப்பினத்தவர். அன்றிரவே அவர்களுடைய சமூக வலைத்தளப் பக்கங்களில் இனவசைகள் குவிந்தன. ஸாக்காவுக்கு அப்போது வயது 19. நம் வீட்டில் கல்லூரி முதலாண்டு படிக்கும் பிள்ளையின் வயது.

கரியுஸ் அதன்பின் லிவர்பூலுக்காக ஒரு முக்கியப் போட்டியிலும் ஆடவில்லை. அந்த ஜூலையிலேயே அலிஸன் என்னும் பிரேசில் கோல்கீப்பர் வாங்கப்பட்டார். கரியுஸ் துருக்கியின் பெஷிக்தாஷ் அணிக்கு இரவலாக அனுப்பப்பட்டார். 2019ஆம் ஆண்டு, அதுவும் ரமளானில்தான், லிவர்பூல் அதே கோப்பையை வென்றது. ஸலாஹ் முதல் கோலை அடித்தார். கரியுஸ் அங்கு இல்லை. 2023 பிப்ரவரியில் நியூகாசில் அணியின் மற்ற கோல்கீப்பர்கள் ஆட இயலாத நிலையில், லீக் கோப்பை இறுதிப் போட்டியில் நிற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அணி 2-0 எனத் தோற்றது. ஆயினும் அவர் பல பந்துகளைத் தடுத்து, தலைநிமிர்ந்து வெளியேறினார்.

எங்கள் பிள்ளையும் மதரஸாவுக்குத் திரும்பினான். பெயர் சூட்டியவர்களே அவன் வீட்டுக்குச் சென்று அழைத்துவந்தனர். ஓதி முடித்தான், கால்பந்தும் ஆடினான். ஆனால் அதன்பின் ஒருநாளும் கோல்கீப்பராக நிற்கவில்லை. எத்தனை முறை கேட்டும் மறுத்துவிட்டான். நாவினால் இடப்பட்ட சில காயங்கள் மன்னிப்புக்குப் பின்னும் தழும்பாக நிற்கின்றன.

பெற்றோர்களே, ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சியை நோக்கி நாம் வீசும் சொற்கள் அந்த வீரரின் காதை எட்டுவதில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளையின் காதை எட்டுகின்றன. தவறினால் மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதை அவன் அங்கிருந்தே கற்கிறான். நாளை தேர்விலோ தொழிலிலோ அவன் தவறும்போது நம்மிடம் வந்து கூறுவதா, மறைப்பதா என்பதையும் அந்தச் சொற்களே முடிவு செய்யக்கூடும்.

வல்ல அல்லாஹ் நம் கண்களுக்கு நேர்மையையும், நம் நாவுகளுக்கு நிதானத்தையும், பிறர் சறுக்கும்போது நல்லெண்ணம் கொள்ளும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.