கடல் இல்லாத ஊரின் பாய்மரங்கள்

அல்வாலில் இருப்பவர் கடலைப் பார்க்க வேண்டுமானால் மசூலிப்பட்டினம் வரை போக வேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். செகந்திராபாத் கன்டோன்மென்ட்டை ஒட்டிய இந்த வட்டாரத்துக்கு மெட்ராஸ் ராணுவத்தோடும் ரயில்வேயோடும் வந்து, அப்படியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பேரப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் தெருமுனையில் நிற்கும் டாங்கர்தான். ஆனாலும் பாய்மரப் படகுப் பந்தயம் எப்படி நடக்கும் என்று கேட்டால், காசிமேட்டுப் பையனைவிட அல்வால் பையன் சரியாகப் பதில் சொல்லக்கூடும்.

காரணம், பக்கத்தில் திருமலகிரியில் இருக்கும் இ.எம்.இ. எனப்படும் ராணுவப் பொறியியல் பிரிவு. டாங்கியையும் லாரியையும் பழுது பார்க்கும் இந்தப் படையினர் பல ஆண்டுகளாக ஹுசேன் சாகரில் படகு விடுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாஹி மன்னர் காலத்தில் வெட்டிய ஏரி, இன்று நாட்டின் முக்கியமான பாய்மரப் பந்தயக் களங்களில் ஒன்று. ஜூன் மாதம் பருவமழை இறங்கியதும் மும்பைப் பக்கத்து கிளப்புகள் படகுகளைக் கரையேற்றிவிடும். அந்த நேரத்தில்தான் ஹைதராபாத்தில் காற்று களைகட்டும். ஜூலையில் நாலாபக்கமிருந்தும் வீரர்கள் இங்கே வந்து சேர்வார்கள்.

ஏரிக் காற்று நேர்மையானதல்ல. சுற்றிலும் இருக்கும் கட்டடங்களில் மோதித் திரும்பும். ஒரு நிமிடம் தள்ளும், மறு நிமிடம் கைவிடும். தண்ணீரின் மேல் ஓடும் கருநிழலைப் பார்த்தே அடுத்த வீச்சு எங்கிருந்து வரும் என்று கணிக்க வேண்டும். இங்கே தேறியவர் எங்கேயும் தேறலாம் என்பார்கள். சின்னத் தண்ணீர்தானே என்று அலட்சியமும் கூடாது. ஏரியின் நடுவில் இன்று சாந்தமாக நிற்கும் புத்தர் சிலை, 1990 மார்ச்சில் மிதவையில் ஏற்றிச் சென்றபோது தண்ணீரில் மூழ்கியது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சிலையை மேலே கொண்டுவர 1992 டிசம்பர் வரை ஆயிற்று.

இருந்தாலும் ஏரி ஏரிதான். ஒரு பந்தயம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கரை கண்ணைவிட்டு மறையாது. கடலில் கிளப்புக்கு கிளப் நடக்கும் நெடுந்தூரப் பந்தயம் வேறு ஜாதி. அதன் மிகப் பிரபலமான உதாரணம் ஆஸ்திரேலியாவின் சிட்னி-ஹோபார்ட் பந்தயம். 1945இல் சில நண்பர்கள் விடுமுறைக்குச் சேர்ந்து போகலாம் என்று திட்டமிட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் இல்லிங்வொர்த், பந்தயமாகவே வைத்துக்கொள்ளலாமே என்றார். ஒன்பது படகுகள் புறப்பட்டன. ஜெயித்தது அவருடைய 35 அடிப் படகு. அதன் பெயர் 'ராணி'! அன்று முதல் வழக்கமாக டிசம்பர் 26ஆம் தேதி புறப்பாடு. தூரம் 628 கடல் மைல்.

இந்தப் பந்தயத்தில் முதலில் கரை சேர்ந்தவர் ஜெயித்தவர் ஆகிவிட மாட்டார். ஒவ்வொரு படகின் நீளம், எடை, பாயின் பரப்பு எல்லாம் பார்த்து ஓர் எண் கொடுத்திருப்பார்கள். ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்கினால் வருவதுதான் கணக்கு. கோடீஸ்வரரின் நூறடிப் படகு இரண்டே நாளில் வந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு நாள் கழித்து நனைந்த கோழியாக வரும் முப்பதடிப் படகு கோப்பையைத் தட்டிக்கொண்டு போகலாம். சம்பளம் வாங்காமல், முறைவைத்துத் தூங்கி, வாந்தி எடுத்துக்கொண்டே பாய் இழுக்கும் சாதாரண ஆட்களுக்கு இந்தப் பெருக்கல்தான் நம்பிக்கை. விலையும் உண்டு. 1998இல் புறப்பட்ட 115 படகுகளில் புயலைத் தாண்டி வந்து சேர்ந்தவை 44 மட்டுமே. ஆறு பேர் திரும்பவில்லை.

இந்தியாவில் இப்படிப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் சீருடைக்காரர்கள். 1985இல் 'திருஷ்ணா'வில் உலகைச் சுற்றக் கிளம்பியவர்கள் ராணுவத்தினர். 2013இல் எங்கும் நிற்காமல் தனியாகச் சுற்றி வந்த அபிலாஷ் டோமி கடற்படைக்காரர். 2017இல் 'தாரிணி'யில் புறப்பட்ட ஆறு பெண்களில் ஹைதராபாத்தின் ஐஸ்வர்யா போட்டப்பட்டியும் ஒருவர். அதே படகில் 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பிய இருவரில் ஒருவர் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. 'தாரிணி'யில் போனவர்கள் எல்லோரும் கடற்படை அதிகாரிகள். சாதனைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல் மருத்துவரும் தச்சரும் பள்ளி ஆசிரியரும் சனிக்கிழமை கிளம்பிப் பக்கத்துத் துறைமுக கிளப்போடு மோதிவிட்டு வருகிற வழக்கம் இங்கே வேர்விடவில்லை. படகு விலை ஒரு காரணம். கடலை ஒரு பிழைப்பாகவோ பயமாகவோ மட்டுமே பார்ப்பது இன்னொன்று.

'அமெச்சூர்' என்பதை மொழிபெயர்க்கும்போதே இந்தச் சங்கடம் தெரிந்துவிடும். 'தொழில்முறை சாராதவர்' என்றால் ஏதோ குறைபாடு போலத் தொனிக்கிறது. 'கற்றுக்குட்டி' என்றால் கேலி. அந்தச் சொல்லின் லத்தீன் வேரில் இருப்பது நேசம். நேசிப்பதால் செய்கிறவர் என்பதுதான் பொருள்.

சொற்களின் பயணம் வேறொரு முரணையும் காட்டும். ஆங்கிலம் நம்மிடமிருந்து 'கட்டுமரம்' என்ற சொல்லை வாங்கிக்கொண்டு, இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகுகளுக்கு அதைச் சூட்டிவிட்டது. சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், 1911இல் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முயற்சியால் உருவானது. துறைமுகத்தை அடுத்து வடக்கே காசிமேடு. கொண்டலையும் கச்சானையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கிறார்கள். சொல் கிளப்புக்குள் போய்விட்டது. சொல்லுக்குச் சொந்தக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள்.

இந்தச் சுவரில் விரிசல் விட்டதில் ஹைதராபாத்துக்குப் பங்கு உண்டு. 2009இல் சுஹேம் ஷேக் தொடங்கிய யாட் கிளப் ஆஃப் ஹைதராபாத், ரசூல்புரா போன்ற நெரிசலான குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வந்து 'ஆப்டிமிஸ்ட்' என்ற சின்னப் படகுகளில் உட்கார வைத்தது. நீச்சலே தெரியாமல் வந்தவர்கள் தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கினார்கள். பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு வேண்டியிருந்தது ஒரு படகும், கற்றுக்கொடுக்க ஓர் ஆளும், பிள்ளையை அனுப்பச் சம்மதிக்கும் ஒரு தாயும்தான்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடல் வழியாக ஏறக்குறைய எழுபது கடல் மைல். சுமாரான காற்று இருந்தால் ஒரு பகலும் ஓர் இரவும் போதும். இந்த ஊர்களின் கிளப்புகள் ஆண்டுதோறும் சாதாரண ஆட்களைக் கொண்டு இப்படி ஒரு பந்தயம் நடத்தினால் தொடக்கத்துக்கு நன்றாக இருக்கும். காற்றைப் படிக்கத் தெரிந்த இளசுகள் ஹுசேன் சாகரில் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். இருட்டில் கடலைப் படிக்கக் கற்றுக்கொடுக்கக்கூடியவர்கள் காசிமேட்டில் இருக்கிறார்கள். யாராவது போய் அவர்களைக் கூப்பிட வேண்டும்.