ஒரு சீட்டு, இரண்டு வாக்கு

அலி பொங்கோவை எங்கட வயசுக்காரர் பலருக்கு ஒரு டிக்டொக் வீடியோவாகத்தான் தெரியும். வீட்டுக்காவலில், கதிரையில் இருந்துகொண்டு, உலகத்தில இருக்கிற நண்பர்கள் எல்லாம் எனக்காகச் சத்தம் போடுங்கோ என்று ஆங்கிலத்தில் கேட்பார். அதைப் பாட்டாக்கி ஆடித் தள்ளினார்கள். அரசறிவியல் ஒப்படைக்கு வெளிநாட்டுத் தேர்தல் ஒன்று எடுக்கச் சொன்னபோது நான் காபொனை எடுத்ததுக்கு அதுதான் காரணம். தேடிக்கொண்டு போகத்தான் அந்தத் தேர்தலின் வாக்குச்சீட்டுக் கதை அகப்பட்டது.

காபொன் மத்திய ஆபிரிக்காவில் எண்ணெய் வளமுள்ள சிறிய நாடு. 1967இல் இருந்து ஓமர் பொங்கோ, 2009இல் இருந்து மகன் அலி. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி ஜனாதிபதி, பாராளுமன்றம், உள்ளூராட்சி மூன்றுக்கும் ஒரே நாளில் தேர்தல். அதுக்குச் சில கிழமைக்கு முதல்தான் புது விதி வந்தது: ஜனாதிபதிக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் ஒரே சீட்டு. ஒரு கட்சியின் உறுப்பினருக்குப் போட்டால் அந்தக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளருக்கும் விழும்.

உங்கட ஊருக்கு ரோட்டுப் போட்டுத் தந்த ஆளும்கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கோ. அவர் வேணும், பொங்கோ வேண்டாம். அப்படிச் சொல்ல அந்தச் சீட்டில் இடமில்லை. எதிரணியின் பொது வேட்பாளர் ஒண்டோ ஒசா, பொருளியல் பேராசிரியர். கட்சி சாராமல் நின்றவர். ஆளும்கட்சியின் உறுப்பினர்களோ ஊர் ஊராக நின்றார்கள். (அவர் படிப்பித்த பல்கலைக்கழகத்தின் பெயரே ஓமர் பொங்கோ பல்கலைக்கழகம். இதுக்கு மேல நான் என்ன சொல்ல!)

எங்கட சீட்டும் பெரிய சுதந்திரச் சீட்டு இல்லைதான், மூன்று விருப்பு வாக்கும் ஒரே கட்சிக்குள்ள. ஆனால் 2024 செப்டெம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அனுர குமாரவுக்கு விழுந்தது ஏறக்குறைய 27 ஆயிரம் வாக்கு. நவம்பரில் அதே மாவட்டத்தில் அவரின்ர கட்சிக்கு 80 ஆயிரம், ஆறில் மூன்று ஆசனம். அந்த மாற்றம் சரியா பிழையா என்பது வேற கதை. ஏழு, எட்டுக் கிழமைக்குள் சனம் இரண்டு கேள்விக்கு இரண்டு பதில் சொல்ல ஏலுமாயிருந்தது. காபொன்காரருக்கு அது இல்லை.

வாக்களிப்பு முடியிற நேரம் இணையத்தை வெட்டினார்கள், ஊரடங்கு போட்டார்கள். 30ஆம் திகதி விடியப்புறம் அலி பொங்கோவுக்கு 64.27 வீதம் என்று அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்துக்குள் இராணுவத்தினர் தொலைக்காட்சியில் தோன்றித் தேர்தலே செல்லாது என்றார்கள். லிப்ரவில் தெருக்களில் சனம் ஆடியது, ஆமிக்காரரைக் கட்டிப்பிடித்தது. விடுதியில் என்ர அறைத்தோழி அதைப் பார்த்துட்டு, “ஆமியை ஏன்டி கட்டிப்பிடிக்கினம்?” என்றாள். அவள் முல்லைத்தீவு. நானும் அதைப் பார்த்துச் சந்தோசப்படேல்ல. ஆனால் சீட்டில் சொல்ல விடாத ‘இல்லை’யைத்தான் அவர்கள் ரோட்டில் சொன்னார்கள் என்று இப்பவும் நினைக்கிறன்.

ஆட்சியைப் பிடித்தவர் ஜனாதிபதியையே காக்க வேண்டிய குடியரசுக் காவல்படையின் தலைவர், ஒலிகி ங்குவேமா. 2025இல் இரண்டு தேர்தலையும் பிரித்து வைத்தார்கள். ஏப்ரலில் ஜனாதிபதித் தேர்தல், அவருக்கு 94 வீதத்துக்கு மேல. யூலையில் அவர் ஒரு கட்சி தொடங்கினார். செப்டெம்பர் 27, ஒக்டோபர் 11 என்று இரண்டு சுற்றாக நடந்த பாராளுமன்றத் தேர்தலில், மூன்று மாதக் குழந்தையான அந்தக் கட்சி 145 ஆசனத்தில் தெளிவான பெரும்பான்மை எடுத்தது. பொங்கோக்களின் பழைய கட்சியும் சபைக்குள்ள இருக்கு, சிறிய கட்சியாக.

இந்த முறை நாளும் வேற, சீட்டும் வேற. பதில் மட்டும் ஒரே ஆளுக்கு. சீட்டைப் பிரித்தால் போதும் என்று முதல் வரைவில் எழுதி வைத்திருந்த பந்தியை வெட்டிப்போட்டன். அதுக்குப் பதிலா என்ன எழுதுறது என்று யோசிச்சுக்கொண்டிருக்கிறன், வெள்ளிக்கிழமை கொடுக்கவேணும்.