ஜன்னலோரத்தில் அம்மா

மூன்று வருடங்களுக்கு முன் பாட்டி இறந்தபோது, மாலை போடுவதற்கு ஒரு நல்ல படம் தேவைப்பட்டது. வீட்டில் ஐந்து கைப்பேசிகள், அவற்றில் ஆயிரக்கணக்கான படங்கள். பாட்டி தனியாக, தெளிவாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு கல்யாணப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கினோம். இன்றும் சுவரிலுள்ள அந்தப் படத்தில், பாட்டியின் தோளை ஒட்டி யாரோ ஒருவருடைய பச்சைச் சேலையின் ஓரம் தெரிகிறது.

அந்தப் பச்சை ஓரம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கும் இப்படி ஆகிவிடக்கூடாது. ஆனால், வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் மட்டும் ஏன் மங்கலாகவும் மஞ்சளாகவும் வருகின்றன?

போர்ட் கிள்ளானில் எங்களுடையது வரிசையின் நடுவிலுள்ள தரைவீடு. 20 அடி அகலம், 65 அடி நீளம். இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள். முன்புறமும் பின்புறமும்தான் வெளிச்சம் வர வழி. நடுவில் பகலிலும் விளக்கு எரியும். நாங்கள் இத்தனை காலமும் படம் எடுத்தது அந்த நடுக்கூடத்து சோபாவில்தான்!

நான் வானொலியில் பேசுகிறவள். ஒலிப்பதிவுக்கு முன் மின்விசிறியை நிறுத்துவோம், கதவைச் சாத்துவோம். தேவையில்லாத சத்தம் போனால்தான் குரல் தெளியும். வெளிச்சத்துக்கும் அதையே செய்து பார்த்தேன்.

முதலில் விளக்கை அணைத்தேன். தலைக்கு மேலே எரியும் விளக்கு கண்ணுக்குக் கீழே நிழல் போட்டு, பத்து வயதைக் கூட்டிவிடும். தவிர, பகல் வெளிச்சத்தின் நிற அளவு ஏறக்குறைய 5500 கெல்வின். மஞ்சள் பல்புக்கு 2700. இரண்டும் கலந்தால் கேமரா எதை நம்பும்? முகத்தில் பாதி மஞ்சள், பாதி நீலம்.

பிறகு முன்ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு நாற்காலி போட்டேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும்; ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். காலை வெயிலில் கம்பிகளின் நிழல் கோடு கோடாக விழுந்தது. அப்பாவின் வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டினேன். வெளிச்சம் பால் போல மென்மையானது. இருட்டாக இருந்த மறுபக்கத்தில், தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த வெள்ளை போலிஸ்டைரின் அட்டையை நிறுத்தினேன். பின்னால் இருந்த மருந்துப் பாட்டில்கள், வயர்கள், பிளாஸ்டிக் முக்காலி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். செலவு ஒரு காசு இல்லை.

புகைப்படக் கலைக்கு ஜன்னல் புதிதல்ல. 1835 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட், லேகாக் அபி என்ற தன் வீட்டின் ஜன்னல் ஒன்றைப் படம் பிடித்தார். கேமராவில் எடுத்து இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அதுதான்.

ஜன்னலருகே இருந்த அம்மாவின் தையல் இயந்திரத்தை மட்டும் நகர்த்தவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அது ஸ்டுடியோ ஆகிவிடும், எங்கள் வீடாக இருக்காது.

எல்லாம் தயார் என்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

“எதுக்கு இப்ப போட்டோ? மாலை போடவா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மைக் முன்னால் மணிக்கணக்கில் பேசும் எனக்குப் பதில் வரவில்லை. “இல்லம்மா... நீங்க தைக்கிறத எடுக்கணும்” என்று சமாளித்தேன்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். நூலை நாக்கில் தொட்டு, ஊசியை ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 30 வருடங்களாக அவர் தையல் இயந்திரத்தை அங்கேயே வைத்திருப்பது எதற்காக? இந்த வீட்டில் நல்ல வெளிச்சம் எங்கே என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நான்தான் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூல் காதில் நுழைந்த நொடியில் அம்மா லேசாகச் சிரித்தார். எடுத்துவிட்டேன்.

அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவில்லை. அதற்கு என்ன அவசரம்? அன்று மாலையே அம்மா அதைத் தன் வாட்ஸ்அப் படமாக மாற்றிக்கொண்டார். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அத்தை எங்கள் வாசலில் நின்றார்.

“எந்தக் கடையில எடுத்தீங்க?”