கிணற்றுத் தண்ணீரில் கழுவிய படங்கள்

மேட்டூர் அணை பக்கத்திலேயே இருந்தாலும் எங்கள் மேச்சேரி மானாவாரி பூமிதான். சோளமும் நிலக்கடலையும் வானம் பார்த்து விளையும். மேச்சேரி ஆடுகள் அந்தக் காய்ந்த மேட்டிலேயே மேய்ந்து வளரும். மாசி பிறந்தால் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். அப்படிப்பட்ட ஊரில், குடம் குடமாகத் தண்ணீர் கேட்கும் ஒரு வேலையை மாமா வீட்டுக்குள் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளை பிலிமை நாங்களே கழுவத் தொடங்கினோம்.

மாமா மேட்டூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். அவரிடம் ஓர் அக்ஃபா கிளிக் III இருந்தது. 120 ரோல் போட்டால் சதுரமாக 12 படம் விழும். பிலிம், ஊட்டியில் செய்த 'இந்து'. 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் 1967-இல் உற்பத்தி ஆரம்பமானது. பிலிம் செய்யக் குளிரும் தூசியில்லாத காற்றும் வேண்டும் என்பதால்தான் மலைமேல் ஆலை வைத்தார்கள் என்பார் மாமா. குளிரில் பிறந்த பிலிமை எங்கள் வெயிலில் கழுவ வேண்டியிருந்தது.

பத்ரகாளியம்மன் கோவில் மாசித் தேரை எடுத்துவிட்டு, கடைசிப் படத்துக்கு அம்மாயியைத் திண்ணையில் உட்காரவைத்தார். அன்று ராத்திரியே வேலை ஆரம்பம். நெல் மூட்டை அடுக்கும் அறையின் ஜன்னலில் பவானி ஜமுக்காளத்தை ஆணியடித்துத் தொங்கவிட்டார். மருந்தைப் பகலிலேயே கலந்து வைத்திருந்தோம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். எல்லாம் நகை நிறுக்கும் சின்னத் தராசில் நிறுத்தது. சல்பைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் சரியாகக் கரையாது. அதனால் ஒரு சிட்டிகை சல்பைட் மட்டும் போட்டு, மெட்டாலைக் கரைத்துவிட்டுத்தான் மீதியைச் சேர்க்க வேண்டும்.

இந்த மருந்துக்குக் கணக்கு 20 டிகிரி செல்சியஸ். எங்கள் தொட்டித் தண்ணீரோ வெதுவெதுவென்று இருக்கும். சூடு ஏறினால் படம் சீக்கிரம் கறுத்துவிடும். இன்னும் ஏறினால் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் ஊதிக் குழைந்துவிடும். ஈரத்துணி சுற்றிய மண்பானையில் தண்ணீரை ஊற்றி, மருந்து பாட்டிலை அதற்குள் இறக்கிவைத்தார். அப்படியும் 20-க்கு வராது. எவ்வளவு கூடியிருக்கிறது என்று வெப்பமானியில் பார்த்து, அதற்கேற்ப நேரத்தைக் குறைத்துக்கொள்வார்.

விளக்கை அணைத்த பிறகு சிவப்பு விளக்குக்கும் இடமில்லை. எல்லா நிறத்துக்கும் கூசும் பிலிம் அது. மேல்தாளைப் பிரித்துவிட்டு, பிலிமின் இரு முனையையும் பிடித்து, தட்டிலுள்ள மருந்துக்குள் ஏற்றியிறக்கி ஓட்டுவார். "கண்ணு, எண்ணிக்கிட்டே இரு, நிறுத்தாத" என்று குரல் மட்டும் வரும். நொடிகளைச் சத்தமாக எண்ணுவதுதான் என் வேலை. அடுத்து வினிகர் கலந்த தண்ணீர், அதற்கடுத்து ஹைப்போ. ஒளி படாத வெள்ளி உப்பை ஹைப்போ கரைத்தெடுக்கும். அதன் இந்தக் குணத்தை 1819-இலேயே ஜான் ஹெர்ஷல் கண்டறிந்திருந்தார் என்று பின்னாளில் படித்தேன்.

விளக்கைப் போட்டதும் அம்மாயி தெரிந்தார்: வெள்ளைச் சேலை கறுப்பாக, கறுத்த முகம் வெளுப்பாக. நான் துள்ளினேன். "படம் தெரிஞ்சா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காத சாமி. கழுவறதுலதான் அதோட ஆயுசு இருக்குது" என்றார் மாமா.

ஹைப்போ மிச்சம் இருந்தால் படம் நாளடைவில் மஞ்சளாகி மங்கிவிடும். ஸ்டுடியோவில் குழாயைத் திறந்துவிடலாம், இங்கே முடியுமா? தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் அசைத்து ஊறவிட்டு, கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவார். ஒவ்வொரு மாற்றலிலும் ஹைப்போ தண்ணீருக்கு இறங்கிக்கொண்டே வரும். ஓடும் தண்ணீரைவிட மிகக் குறைவாகச் செலவாகும், படமும் சுத்தமாகும். "இத்தனை தண்ணியா?" என்று கேட்ட அம்மாயியே பிறகு கிணற்றில் சேந்திக்கொண்டு வந்து கொடுத்தார்.

ஊட்டி ஆலை மூடப்பட்டுவிட்டது. அந்த நெகட்டிவ் மட்டும் கறைபடாமல் இருக்கிறது. போன வருஷமும் அதிலிருந்து பிரிண்ட் போட்டேன். இப்போது வீட்டில் பிலிம் கழுவ ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது எந்த கேமரா, எந்த மருந்து என்றுதான். நல்ல வெப்பமானி ஒன்று வாங்குங்கள், கடைசிக் கழுவலுக்கு நேரம் ஒதுக்குங்கள் என்கிறேன். தண்ணீர் குறைந்த ஊரிலும் படத்தை நூறாண்டு வைத்திருக்க முடியும். அதற்கு வேண்டியது பொறுமையாக ஊற்றிக் கொட்டும் கை.