இரவு எட்டு மணி வகுப்பு

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ-15 வீதியில், காயான்கேணிக்கு அப்பால் இருக்கிறது மாங்கேணி. வாகரைப் பிரதேசத்தின் ஏனைய ஊர்களைப் போன்று 2004 இல் ஆழிப்பேரலையையும், 2006–2007 காலப்பகுதியில் போரையும் இடப்பெயர்வையும் கண்ட மண். அங்கு கணிதம் கற்பித்து, இப்போது ஓய்வை நெருங்கியிருக்கும் என் பள்ளித்தோழர் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். பேச்சு கொரோனாக் காலத்துக்குத் திரும்பியது.

2020 மார்ச் 13 ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. இணையவழியில் கற்பிக்க வேண்டிய நிலை வந்தபோது, கைத்தொலைபேசியில் பேசுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவராக அவர் இருந்தார். அவரைப் பரிகசிக்கும் தகுதி எனக்கில்லை. கையால் எழுதித் தொலைநகலில் செய்தி அனுப்பிப் பழகிய நான், கணினியில் தமிழ் தட்டக் கற்றதே நாற்பதை நெருங்கியபோதுதான். மகளிடம் சூம் பழகிக்கொண்டு அவர் முதல் வகுப்பைத் திறந்தார். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் வந்தவர்கள் நால்வர்.

“மச்சான், கரும்பலகைக்கு முன்னால நிண்டா விளங்கினதா இல்லையாண்டு முகத்திலயே தெரியும். இதில முகமே இல்ல” என்றார்.

ஊரடங்கு தளர்ந்ததும் சைக்கிளில் வீடுவீடாகச் சென்றார். பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி. அது தகப்பனுடன் வேலைக்குப் போய், இருட்டிய பின்னரே வீடு திரும்பியது. அன்றுடன் சூமைக் கைவிட்டார். கணக்கின் படிமுறைகளைத் தாளில் எழுதிப் படமெடுத்து, மூன்று நிமிடக் குரல்பதிவுடன் இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார். டேட்டாச் செலவும் குறைவு. ஐயங்கள் பத்து மணிவரை வரும்.

பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகள் காட்டுவழி நடந்து பாறையேறி அலைவரிசை தேடிய செய்தியை 2021 இல் உலகமே பார்த்தது. மாங்கேணிப் பிள்ளைகள் ஏற வேண்டிய பாறை கண்ணுக்குத் தெரியாதது. அவர்கள் தகப்பனின் வருகைக்காகக் காத்திருந்தார்கள்.

2021 ஜூலை 12 முதல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தார்கள். தம் சம்பளத்தில் டேட்டா வாங்கிக் கற்பித்தவர்களின் கோபம் அது. அவரும் விலகி நின்றார். அது நியாயமானது என்றே இன்றும் சொல்கிறார். ஆயினும் எட்டு மணியானதும் கை தொலைபேசியைத் தேடியது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஒக்டோபரில் பாடசாலைகள் கட்டங்கட்டமாகத் திறந்தபோது, அவரது வரவுப் பதிவேட்டில் இரண்டு பெயர்களுக்கு எதிரே வெற்றிடம் தொடர்ந்தது. இருவரும் கூலிவேலைக்குப் போய்விட்டார்கள்.

“எல்லாம் படிச்சன் மச்சான். அவங்கள் ரெண்டு பேரையும் கூப்பிடுற விதத்த மட்டும் படிக்கல்ல.”

வகுப்புக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு இன்றும் இரவு எட்டு மணிக்கு அவரது குரல் போகிறது. நான் விடைபெற்றபோதும் மணி எட்டை நெருங்கியிருந்தது.